சூடோமோனாஸ் என்று எழுதி மூடிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் மூன்றும் எல்லா டாக்டர் மனதிலும் இருக்கும். நான்காவதாக மெலியாய்டோசிஸ் என்று ஒன்று இருக்கிறது, மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்கோல்டீரியா சூடோமாலியை என்ற கிருமியால் வருவது, அதுதான் நழுவிப்போகிறது. பாகூரிலோ காட்டுமன்னார்கோவிலிலோ வெறுங்காலோடு வயலில் நிற்பவர். விரல் இடுக்கில் சேற்றுப்புண், சர்க்கரை கட்டுக்குள் இல்லை, இரண்டு வாரமாகக் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரல் மேற்பகுதியில் நிழல், சளியில் டி.பி. கிருமி இல்லை. அடுத்து என்ன நடக்கும்? சளியில் தெரியாத டி.பி. என்று மாத்திரை தொடங்கிவிடுவார்கள். மெலியாய்டோசிஸ் ஒளிந்துகொள்வது இங்கேதான். வயிற்று ஸ்கேனில் மண்ணீரலிலோ கல்லீரலிலோ சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் பல தெரிந்தாலோ, ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் சீழ் இருந்தாலோ, டி.பி. ஃபைலைத் தள்ளி வைத்துவிட்டுக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாட்டிலைத் தேட வேண்டும்.

தொற்றுநோய் சிகிச்சையில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று வரும் எம்.டி. மாணவர்கள் எந்த மருந்து, எந்த ஜர்னல் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். கிருமிக்குச் சரியான பெயர் சொல்லத் தெரியாத லேபை வைத்துக்கொண்டு எந்த மருந்தையும் சோதிக்க முடியாது. இந்த நோயை 1912-இல் முதன்முதலாக விவரித்தவர்கள் ரங்கூனில் வேலை பார்த்த ஆல்ஃப்ரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பல லேப் ரிப்போர்ட்டில் அது ‘சூடோமோனாஸ் வகை’ (வேறொரு கிருமி இனம்) என்றோ, ‘கலப்படம்’ (வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட கிருமி) என்றோதான் வெளியே வருகிறது.

ரத்தத்திலிருந்து தொடங்குவோம். இரண்டு கையிலும் தனித்தனியாக, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. மூன்று மில்லி எடுத்து இரண்டு பாட்டிலுக்குப் பங்கு வைத்தால் அது கல்ச்சர் அல்ல, சடங்கு. ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ரத்தத்தோடு நிறுத்திவிடாமல் தொண்டை ஸ்வாப், மலக்குடல் ஸ்வாப், சளி, சிறுநீரைச் சுழற்றி எடுத்த அடிவண்டல், சீழ் இருந்தால் சீழ், எல்லாம் போக வேண்டும். நம் உடம்பில் சும்மா குடியிருக்கிற கிருமி இல்லை இது. தொண்டையில் வளர்ந்தாலும் நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதே நேரம், கல்ச்சர் பிடிப்பது ஏறக்குறைய பத்தில் ஆறு பேரைத்தான். ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நோயே இல்லை என்று சாதிக்க முடியாது.

கிருமி வளர்க்கும் தட்டான சாதாரண பிளட் அகாரில் 24 மணி நேரத்தில் ஊசிமுனை அளவு காலனி, அதாவது கிருமித் திட்டுதான் தெரியும். அப்போதே தட்டைத் தூக்கிப்போட்டால் கதை முடிந்தது. ஜென்டாமைசின், கிரிஸ்டல் வயலெட், கிளிசரால் சேர்ந்த ஆஷ்டவுன் மீடியாவில் போட்டு, 37 டிகிரியில் வைத்து, நான்கைந்து நாள் தினமும் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் ஊதா நிறத்தில், வெயிலில் காய்ந்த வடகம்போல் சுருக்கம் விழுந்த காலனி வரும். அப்போது மூன்று டிஸ்க் (மருந்து தோய்த்த சிறு காகித வட்டு) போதும். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் பேசில்லஸ், ஜென்டாமைசினுக்கு மசியவில்லை, கொலிஸ்டினுக்கும் மசியவில்லை, ஆனால் ஆமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைச் சுற்றி நல்ல வளையம் விழுகிறது என்றால், வேறு பெயர் நிரூபணமாகும்வரை அது பர்க்கோல்டீரியா சூடோமாலியைதான். சூடோமோனாஸ் ஏருஜினோசா இதற்கு நேர் எதிர். கொலிஸ்டினுக்கு மடங்கும், கிளாவுலனேட்டை மதிக்காது. (மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு மடங்கும் ரகமும் உண்டு. அது ஆஷ்டவுனில் வளரவே வளராது. நம் பக்கத்தில் அந்தக் கவலை முதல் கவலை அல்ல.)

வைடெக், ஏபிஐ, மால்டி-டாஃப் போன்ற கிருமிக்குப் பெயர் சொல்லும் மெஷின், கிட் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. வைடெக் சில சமயம் இதை பர்க்கோல்டீரியா செபேசியா என்கிறது. ஏபிஐ 20 என்ஈ குரோமோபாக்டீரியம் என்று சொன்னதுண்டு. மால்டி-டாஃபில் டேட்டாபேஸ் பழசாக இருந்தால் பர்க்கோல்டீரியா தாய்லாண்டென்சிஸ் என்று காட்டும். இந்த மூன்றில் எந்தப் பெயர் வந்தாலும் டிஸ்க்கைத் திரும்பப் பார்க்க வேண்டும், முடிந்தால் இந்தக் கிருமிக்கென்றே உள்ள லேட்டெக்ஸ் டெஸ்ட்டும் போட வேண்டும். இன்னொன்று, தட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கும் பழக்கம் நம் மைக்ரோபயாலஜி லேப்களில் இன்னும் சாகவில்லை. இந்தக் கிருமியிடம் அது வேண்டாம். சந்தேகம் வந்த நிமிஷமே தட்டு சேஃப்டி கேபினட்டுக்குள் போய்விட வேண்டும். பெரிதாகச் சிந்திவிட்டால் அங்கே நின்றவருக்கு 21 நாள் கோட்ரைமாக்ஸசோல் (டிரைமெத்தோபிரிம், சல்ஃபாமெதாக்ஸசோல் சேர்ந்த மாத்திரை).

இனி மருந்து. நிக்கோலஸ் வைட் 1980-இல் தாய்லாந்துக்குப் போய் அங்கேயே தங்கி வேலை செய்த டாக்டர். மலேரியாவுக்கு ஆர்டிசுனேட் ஊசியை நிலைநாட்டிய பெரிய டிரையல்களில் (மருந்துச் சோதனைகளில்) அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது உபோன் ராட்சதானியில் அவரும் தாய்லாந்து டாக்டர்களும் நடத்திய சின்ன டிரையல். 1989-இல் லான்செட் மருத்துவ ஜர்னலில் வந்தது. குளோராம்ஃபெனிகால், டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்ஸசோல் சேர்ந்த பழைய கூட்டுக்கு எதிராக செஃப்டாசிடிம் என்ற ஊசி மருந்து. இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37-க்கு இறங்கியது. அந்தக் கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சேர்த்தது 161 பேரை, கல்ச்சரில் உறுதியானது 65 பேர்தான். சந்தேகத்தின் பேரிலேயே சேர்த்தார்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் இரண்டு நாளில் இறப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள், எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். இங்கே டிரையல் திட்டம் எழுதும் பலர் ‘கல்ச்சர் பாசிட்டிவ் நோயாளிகள்’ என்று முதல் வரியிலேயே எழுதிக் கெடுத்துவிடுகிறார்கள்.

நம் வார்டுகளில் காய்ச்சலுக்குக் கைபழக்கமாகப் போடுவது செஃப்ட்ரையாக்ஸோன். டிஸ்க்கில் மடங்கியதுபோல் காட்டினாலும், தாய்லாந்து அனுபவத்தில் அதைக் கொடுத்தவர்களிடம் செஃப்டாசிடிம் கொடுத்தவர்களைவிட இறப்பு அதிகம். ஆகவே செஃப்டாசிடிம் 2 கிராம் 6 அல்லது 8 மணிக்கொருதரம். ஐசியூவில் படுத்திருப்பவருக்கு மெரோபெனெம் 1 கிராம் 8 மணிக்கொருதரம், மூளையைத் தொட்டிருந்தால் 2 கிராம். குறைந்தது 14 நாள், ஆழமான சீழ் இருந்தால் 4 வாரம், எலும்புக்கு 6, மூளைக்கு 8. இந்த நாள் கணக்கு முதல் ஊசியிலிருந்து ஓடாது. கடைசியாகச் சீழ் எடுத்த நாளோ, கடைசியாக ரத்தத்தில் கிருமி வளர்ந்த நாளோதான் முதல் நாள். காய்ச்சல் தணியவே சராசரியாக 9 நாள் ஆகும். நான்காம் நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்று மருந்தை மாற்றுவதில் அர்த்தம் இல்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியது ஸ்கேனைத் திரும்ப எடுத்து, வடிக்காத சீழ் எங்காவது நிற்கிறதா என்று பார்ப்பது.

ஆள் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி. டிரிப்ஸ் முடிந்ததும் குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமாக்ஸசோல், எலும்புக்கும் மூளைக்கும் ஆறு மாதம். 40 முதல் 60 கிலோ உள்ளவருக்கு 240/1200 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. 60-க்கு மேல் 320/1600. மில்லிகிராமில் எழுதினால் மருந்துக்கடையில் தொலைந்துபோகும். 40 முதல் 60 கிலோ ஆளுக்கு ‘டிஎஸ் (160/800) மாத்திரை, காலை ஒன்றரை, இரவு ஒன்றரை’ என்று எழுதுங்கள். 12 வாரத்துக்கு 252 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை என்றால் இருபத்தாறு. கடைக்காரர் இதே மாத்திரையை நீர்க்கடுப்புக்கு ‘காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள்’ என்று கொடுத்தே பழகியவர். இதைப் பார்த்ததும் டாக்டர் ஏதோ தப்பாக எழுதிவிட்டார் என்று குறைத்துக் கொடுப்பார். சீட்டிலேயே நோயின் பெயரையும் முடியும் தேதியையும் எழுதிவிட்டால் இது பாதி நிற்கும். மீதிப் பாதிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு போன், மாத்திரையை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

பக்கவிளைவை இங்கே சர்க்கரை வியாதியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்கு இந்த மாத்திரை சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். எனலாபிரில், டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏறும். கிரியேட்டினின் கொஞ்சம் கூடுவது பெரும்பாலும் சிறுநீரகக் குழாயில் அதன் வெளியேற்றம் தடைபடுவதால், அதற்காக அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பொட்டாசியத்தை மட்டும் விடக்கூடாது, முதல் மாதம் வாரம் ஒருமுறை. தோலில் தடிப்போடு வாயிலும் புண் வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். கூட ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம்.

கூடவே டாக்ஸிசைக்ளின் வேண்டுமா என்ற சந்தேகம் 2014-இல் தீர்ந்தது. வடகிழக்குத் தாய்லாந்தில் 626 பேரிடம் 20 வாரம் சோதித்துப் பார்த்ததில் கோட்ரைமாக்ஸசோல் தனியாகவே போதும் என்று வந்தது. 20 வாரம் வேண்டுமா, மேலே சொன்ன மூன்று மாதமே போதுமா, தினம் அரை நாள் சேற்றில் நிற்கிற நம் ஊர் ஆளுக்கு எவ்வளவு போதும் என்பதெல்லாம் இங்கிருந்தே பதில் வர வேண்டிய கேள்விகள். அதற்கு முதலில் வேண்டியது மருந்துக் கம்பெனிப் பணம் அல்ல, ஒரு பதிவேடு. ஆஸ்திரேலியாவின் டார்வினில் பார்ட் கர்ரி 1989 அக்டோபர் 1 முதல் வந்த ஒவ்வொரு நோயாளியையும் எழுதிவைத்தார். முப்பது வருஷத்தில் 1148 பேர். உலகம் முழுக்க இன்று பின்பற்றுகிற வாரக் கணக்குகள் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டிலிருந்து வந்தவை.

டிரையல் என்று இறங்கினால் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு) பதிவு, மோசமான விளைவு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல். சம்மதப் படிவத்தைப் பேசுகிற தமிழில் எழுதுங்கள். ரேகை வைப்பவர் என்றால் ஆஸ்பத்திரியைச் சேராத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

வளர்ந்த கிருமியை 20 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள், முதல் நாள் வளர்ந்ததைக் கட்டாயம். அடுத்த மழைக்கு அதே ஆள் காய்ச்சலோடு திரும்பி வந்தால், பழையது தலைதூக்கியதா, வயலிலிருந்து புதிதாக ஏறியதா என்று சொல்ல இரண்டு கிருமியின் மரபணு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து தோற்றதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. கிருமியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக அனுமதி வாங்க வேண்டும், பார்சல் யுஎன் 2814 (மனிதரைத் தாக்கும் ஆபத்தான தொற்றுப் பொருள்) வகையில் போக வேண்டும். இரண்டு குப்பிகளை இரண்டு வேறு ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டும் வேறு வேறு ஜெனரேட்டர் லைனில். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபிறகு கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.