சி4இல் தொடங்கி சமனில் முடிந்த ஆட்டம்

சதுரங்கத்தில் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயைத் தள்ளும் இ4 ஆடியே பழகிய நான், நடுப்பகுதியை ஓரத்திலிருந்து தாக்கும் பக்கவாட்டுத் திறப்பு ஒன்றையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, 1843இல் பாரிசில் பிரெஞ்சு வீரர் செயிண்ட் அமாண்டுக்கு எதிராக இங்கிலாந்து வீரர் ஸ்டான்டன் ஆடியதால் அவர் நாட்டின் பெயரையே பெற்றுவிட்ட சி4 என்று தொடங்கும் இங்கிலிஷ் ஓபனிங்கைத் தேர்ந்தெடுத்தேன். போட்டியில் அதை நான் ஆடியது இது மூன்றாவது முறை. முதல் இரண்டிலும் தோற்றிருந்தேன்.

எதிராளி இ5 ஆடி, மூன்றாவது நகர்த்தலில் டி5 தள்ளினார். சிப்பாய்களை வெட்டிக்கொண்டதும், வழக்கமாகக் கறுப்பு ஆடும் சிசிலியன் தற்காப்பின் டிராகன் அமைப்பு நிறம் மாறி, ஒரு நகர்த்தல் கூடுதலாக, வெள்ளை ஆடிய என் கைக்கு வந்தது. ஜி2 பிஷப், ஏ3, பி4, டி3 என்று பதினோராவது நகர்த்தலில் பி5 வரை படித்தபடியே ஆடினேன். அப்போது அவருடைய குதிரை டி4இல் வந்து அமர்ந்தது. என் எஃப்3 குதிரையை டி2க்குப் பின்வாங்கினால் பிஷப்பின் மூலைவிட்டம் திறக்கும், பிறகு இ3 ஆடி அந்தக் குதிரையை விரட்டலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினேன். அவர் இ சிப்பாயால் திருப்பி வெட்டியதும், பாதி திறந்த இ வரிசையில் என் இ2 சிப்பாய் பின்தங்கி, அவருடைய யானைக்கு இலக்காயிற்று. பிஷப்பும் பரிமாற்றத்தில் போனபின், அந்தச் சிப்பாயைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்து வந்த பரிமாற்றங்களில் சொல்வதற்கு அதிகமில்லை. கடைசியில் ஆளுக்கொரு யானையும், அவருக்கு எஃப் வரிசையில் ஒரு சிப்பாயும் மிஞ்சின. என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடும் ஆட்டமாதலால் நகர்த்தல்களைத் தாளில் எழுதுவதையும் விட முடியாது, வியர்த்த விரலில் பேனா வழுக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு மட்டும் நினைவில் இருந்தது. ராஜா எஃப்1இல் நிற்க, யானையை மூன்றாம் கிடைவரிசையில் வைத்து அவருடைய ராஜாவை ஜி3க்கு வரவிடாமல் காத்தேன். வேறு வழியின்றி அவர் சிப்பாயை எஃப்3க்குத் தள்ளிய உடனே, ஒளிய இடமிழந்த அந்த ராஜாவுக்குப் பின்னாலிருந்து செக் கொடுப்பதற்காக யானையை ஏ8க்கு அனுப்பினேன். நான்கைந்து செக்குகளுக்குப் பிறகு அவர் சமன் கேட்டுக் கை நீட்டினார்.

காய்களை மறுபடி அடுக்கியபடி, "தம்பி, டி4ல அந்தக் குதிரைய ஏன் வெட்டினீங்க?" என்றார்.

"பின்னால போக மனசு வரல, சார்" என்றேன்.