பட்டியல் கேட்ட பயிற்சியாளர்

"யாருக்கு நுரையீரல் பெருசுன்னு வரிசையா எழுதித் தாங்க மிஸ்." உதைபந்தாட்டப் பயிற்சியாளர் கேட்டது இவ்வளவுதான். மாட்டேன் என்றேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

நுவரெலியா முகாமில் கரப்பந்தாட்டக் குழுவும் உதைபந்தாட்டக் குழுவும் ஒரே காலையில் வந்து, மூச்சுக் கொள்ளளவை அளக்கும் என் கருவியில் ஊதின. லீட்டர் கணக்கில் கரப்பந்துப் பிள்ளைகள்தான் முன்னால். நெட்டையானவர்களுக்கு மூச்சுக் கொள்ளளவும் கூடத்தான் இருக்கும். அதனால்தான் உயரம், வயது, பால் பார்த்து, எதிர்பார்க்கும் அளவில் எத்தனை சதவீதம் என்று போடுகிறோம். அந்தச் சதவீதமும் நிலையானதல்ல. அந்த எதிர்பார்ப்பு அளவைக் கணிக்க 2012இல் வந்த உலகச் சமன்பாடுகளில் தெற்காசியருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 2022இல் இனப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். சமன்பாடு மாறினால் அதே மூச்சுக்கு வேறு எண் வரும். தவிர, நல்ல வீரரின் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் எல்லை போடுவது நுரையீரல் அல்ல, இதயம்.

இதையெல்லாம் சொன்னேன். சேர் பொறுமையாகக் கேட்டார். "சரி மிஸ், அப்ப எதுக்கு அளக்குறோம்?"

மூச்சுக்குழாய் சுருங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க என்றேன். குளிர்ந்த, வறண்ட காற்றில் ஓடுகிறவர்களுக்கு அது வரும். உண்மைதான். ஆனால் உட்கார்ந்து ஊதும்போது ஒன்றும் தெரியாமல், ஓடிய பிறகுதான் பலருக்குச் சுருங்கும். ஓடவிட்டு மறுபடி ஊதச் சொல்வது அன்றைய திட்டத்தில் இல்லை. என் பதில் பாதிப் பதில்தான்.

அந்தப் பட்டியலில் கடைசியாக வந்திருக்கக்கூடியவன் தேயிலைத் தோட்டத்துப் பையன், குழுவிலேயே குட்டை. ஆட்டம் முழுக்க ஓடுகிறவனும் அவன்தான். ஒரு எண்ணுக்காக அவனைக் கழித்துவிடக் கூடாது என்பதே என் பிடிவாதம். உயரத்தை வைத்துப் பார்த்தால் அவன் அளவில் குறையே இல்லை.

அங்கேதான் குழம்புகிறேன். அவன் ஏன் குட்டை? 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாட்டுச் சராசரி சுமார் 17 வீதம். சின்ன வயதில் சாப்பாடு போதாமல் வளர்த்தி குறைந்திருந்தால், நம் கணக்கு அந்தக் குறையையும் சேர்த்தே 'சரி' என்று எழுதிவிடுகிறது. லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு, அடுப்புப் புகையைப் பற்றி நான் அவனிடம் கேட்கவேயில்லை, படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. பட்டியல் கொடுத்திருந்தால் அவனுக்கு அநியாயம். கொடுக்காததால் அவன் கோப்பு 'சாதாரணம்' என்று மூடப்பட்டது. சேர் மறுபடி வந்து கேட்டாலும் பட்டியல் தர மாட்டேன். ஆனால் எதற்கு அளக்கிறோம் என்று கேட்டால், அன்று சொன்ன பதிலை அப்படியே திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வராது.