பேர் விட்டுப்போன பிரஸ் நோட்

டிசம்பர் 10, மனித உரிமை நாள்னு சொன்னா எனக்கு கோஷம் எல்லாம் அப்புறந்தான், முதல்ல ஞாபகம் வர்றது பேனரோட நாலு மூலையிலயும் கயிறு கட்ட ஓட்டை போடுற வேலை. ஒரு சின்ன மனித உரிமை அமைப்புல மனு எழுதுறவனா சேந்து பல வருஷம் ஆச்சு. மனு எழுதுறதுன்னு பேருதான், ஜெராக்ஸ் எடுக்குறது, மைக் செட்காரர்கிட்ட பேசுறது, அனுமதி கடிதத்த தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடக்குறது, முந்தின நாள் ராத்திரி அனுமதி இல்லன்னு சொல்லிட்டா இடத்த மாத்தி அத்தன பேருக்கும் போன் போடுறது, எல்லாம் அதுலயே அடக்கம்.

சேந்த புதுசுல நிறைய படிச்சேன். 1948 டிசம்பர் 10 பாரிஸ்ல ஐ.நா. பொதுச்சபை உலக மனித உரிமைப் பிரகடனத்த ஏத்துக்கிச்சு, ஆதரவா 48 நாடு, ஓட்டு போடாம ஒதுங்குனது 8, எதிர்த்து ஒண்ணுகூட இல்ல. மொத்தம் 30 பிரிவு. வருஷா வருஷம் இந்த நாள அனுசரிக்கச் சொல்லி தீர்மானம் வந்தது 1950ல. முதல் வருஷக் கூட்டத்துல மைக் கெடச்சதும் இதையெல்லாம் மூச்சு விடாம பேசுனேன். முன் வரிசைல உக்காந்திருந்த பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காரங்க மடியில போட்டோவ வச்சிக்கிட்டு என்னயே பாத்துட்டு இருந்தாங்க. இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு.

நான் சொல்ல வந்தது மூணாவது வருஷம் நடந்தது. பிரஸ் நோட் எழுதுற பொறுப்பு என்னோடது, ஒரு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்கன்னு தோழர் கறாரா சொல்லிட்டாரு. அப்ப எங்க ஆபீஸுக்கு ஒரு அம்மா அடிக்கடி வருவாங்க. பையன விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க, அவன் திரும்பி வரவே இல்ல. குடுத்த மனுவுக்கெல்லாம் வாங்குன ரசீத ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருப்பாங்க, நான் கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்து மேசைல தேதி வாரியா அடுக்கிடுவாங்க. அவங்க கதைய நான் பிரஸ் நோட்ல எப்படி எழுதுனேன்னா, "பல்வேறு சம்பவங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் நீதி கேட்டு உரையாற்றினர்". அவ்ளோதான். செய்தி மறுநாள் பேப்பர்ல வந்துச்சு, எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அவங்க யார்கிட்டயோ குடுத்து வாசிக்கச் சொல்லி கேட்டிருக்காங்க.

"தம்பி, இதுல என் பையன் பேர் எங்க இருக்கு?"

இடம் பத்தலம்மான்னு சொன்னேன். "உங்காளுங்க பேர் அஞ்சு இருக்கே"ன்னாங்க. கோவமா எல்லாம் சொல்லல, கணக்கு சொல்ற மாதிரி சொன்னாங்க. அப்புறமா எண்ணிப் பாத்தேன், பேசுனவங்க நாலு பேரு, நன்றி சொன்னவரு ஒருத்தரு, சரியா அஞ்சு.

அன்னிக்கு ராத்திரி, ரொம்ப நாள் முன்னாடி படிச்ச அர்ஜென்டினா அம்மாக்கள் விஷயம் ஞாபகம் வந்துச்சு. ராணுவ ஆட்சி பிள்ளைங்கள தூக்கிட்டுப் போயிருச்சு, எங்க இருக்காங்கன்னே தெரியல, அதக் கேட்டு 1977 ஏப்ரல் 30 அன்னிக்கு ப்யூனஸ் அயர்ஸ்ல மே சதுக்கத்துல வந்து நின்னாங்க. அதே வருஷம் டிசம்பர் 10, இதே மனித உரிமை நாள்ல, காசு கட்டி பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்க. விளம்பரத்துல இருந்தது காணாமப்போனவங்க பேரு, ஒவ்வொண்ணா. அவங்கள ஒண்ணு சேத்தவங்கள்ல ஒருத்தரான அசுசேனா விஜாஃப்ளோர அன்னிக்கே கடத்திட்டுப் போயிட்டாங்க, உயிரோட திரும்பல, எலும்ப வச்சு அடையாளம் கண்டுபிடிச்சது 2005ல. பேர அச்சடிக்க அவங்க என்ன வெல குடுத்திருக்காங்க பாருங்க, நான் இங்க பக்கக் கணக்கு பாத்துட்டு இருந்திருக்கேன்.

ஹன்சா மேத்தா கதையும் எனக்கு அப்பதான் வேற மாதிரி புரிஞ்சுது. பிரகடனத்தோட முதல் பிரிவு வரைவுல "ஆல் மென்"னு, அதாவது எல்லா ஆண்களும்னு இருந்தத "ஆல் ஹியூமன் பீயிங்ஸ்"னு, எல்லா மனுஷங்களும்னு மாத்த வச்சதுல இந்தியப் பிரதிநிதியா போன அவங்களுக்குப் பெரிய பங்கு. ஒரு வார்த்தை தானேன்னு அவங்க விடல.

இதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு நோட்டு போட்டோம். பேரு, சம்பவம் நடந்த தேதி, யார் பதில் சொல்லணும், எந்த மனு எங்க நிக்குது. பிரகடனத்துல 8வது பிரிவு சொல்றது, அடிப்படை உரிமை மீறப்பட்டா தகுதியுள்ள கோர்ட்டு மூலமா உருப்படியான பரிகாரம் கெடைக்கணும்ங்கிறது. பிரகடனம் தன்னளவுல யாரையும் கட்டுப்படுத்துற சட்டம் இல்ல, நாடுகள கட்டுப்படுத்துற ஒப்பந்தங்கள் 1966ல ஏத்துக்கிட்டு 1976ல தான் அமலுக்கே வந்துச்சு, அதனால சும்மா "நீதி வேண்டும்"னு கத்துனா எந்த அதிகாரிக்கும் வலிக்காது. இந்தத் தேதி மனுவுக்கு ஏன் இன்னும் பதில் இல்லன்னு கேட்டா கொஞ்சம் நெளிவாங்க. மெழுகுவத்தி ஏத்துறதுல எனக்கு பெருசா நம்பிக்க இல்ல, தோழருக்கு இருக்கு, ஒவ்வொரு வருஷமும் சண்டை.

ஆனா அந்த நாளே வீண்னு சொல்ல மாட்டேன். மைக் செட்ட கழட்டுன பிறகு பாக்கணும். அதுவரைக்கும் தனித்தனியா அலைஞ்சுட்டு இருந்த குடும்பங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரசீத மாத்தி மாத்தி பாப்பாங்க. போன தடவ புதுசா வந்த ஒரு பொண்ணு வெறும் மனு காப்பி மட்டும் வச்சிருந்துச்சு, இந்த அம்மாதான் "சீல் போட்டு, தேதி போட்டு வாங்காம அந்த எடத்த விட்டு நகராத, நாளைக்கு வாங்கன்னாலும் அங்கயே உக்காரு"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. நாங்க பயிற்சி முகாம் வச்சு ரெண்டு நாள் சொல்றத அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

மேடைப் பேச்ச இப்ப கொறச்சுட்டோம், குடும்பத்துக்காரங்களே பேர வாசிக்கிறாங்க. முதல் தடவ அப்படி வச்சப்ப அந்த அம்மா மைக்க வாங்கி பையன் பேரு, கூட்டிட்டுப் போன தேதி ரெண்டையும் சொல்லிட்டு, "நோட்டீஸ்ல இனிஷியல் தப்பா இருக்கு"ன்னு அதே மைக்லயே சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. டைப் பண்ணது நான்தான்.

கேஸ் இன்னும் முடியல. நேத்து இந்த வருஷ நோட்டீஸுக்கு ப்ரூஃப் வந்துச்சு, முதல்ல அந்த இனிஷியலத்தான் பாத்தேன், அப்புறம் அவங்களுக்கு போன் போட்டு பட்டியல் முழுசயும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுனேன். நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தச் சொன்னாங்க.