உதகையை நடந்து பார்த்தல்

உதகமண்டலத்துக்கு வருவோர் பலரும் ஏரியையும் தொட்டபெட்டாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரை நடந்தே சுற்ற வேண்டும். சேரிங்கிராஸில் தொடங்கி, கமர்ஷியல் சாலை வழியாக மார்க்கெட்டுக்குள் நுழைந்தால், ஈரமண் உலராத கேரட்டும் பீட்ரூட்டும் குவிந்திருக்கும். பேக்கரிகளில் கிடைக்கும் வர்க்கி என்ற மொறுமொறுப்பான பிஸ்கட்டைச் சூடான தேநீரோடுதான் சாப்பிட வேண்டும்.

ஆனால் நான் அதிக நேரம் நிற்பது நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூவேலைச் சால்வைகள் விற்கும் இடங்களில்தான். வெளிர்நிறப் பருத்தித் துணியில், முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் பெண்கள் தைக்கும் பூத்துக்குளி என்னும் இந்தச் சால்வை, பார்வைக்கு நெய்த துணியாகவே தோன்றும். விரலால் தடவினால்தான் நூல் புடைத்து நிற்பது தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலையைப் பேரம் பேசாமல் வாங்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு தாவரவியல் பூங்கா 1848இல் மெக்ஐவர் என்பவரால் அமைக்கப்படத் தொடங்கியது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரத் துண்டு, அதாவது கல்லாகவே மாறிவிட்ட மரத் துண்டு, அங்கே இருக்கிறது. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே போனால், மேற்சரிவிலுள்ள தோடர் குடியிருப்பான மந்து வரை நிதானமாக ஏறிச் செல்லலாம்.