போக்காடு

“உங்களைப் பலிகடா ஆக்கிட்டாங்கம்மா” என்று நான் சொன்னதற்கு, மேசையைக் காலி செய்துகொண்டிருந்த அவர் தலை நிமிராமலே, “பலிகடா இல்லை சார், போக்காடு” என்றார். மூன்று ஆண்டுகளாகியும் அந்த மறுமொழி என்னை விடவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் குறிப்புத்தாளில் ‘நாளுக்கு இரண்டு முறை’ என்றிருக்க வேண்டியது ‘இரண்டு நாளுக்கு ஒரு முறை’ என்று போயிருந்தது. அச்சுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டதால் யாருக்கும் தீங்கில்லை. மேலாளர் கேட்டபோது, “மொழிபெயர்த்தது அவங்கதான் சார்” என்றேன். அது உண்மை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எதிரில் இருந்த அவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் நீர் தெளித்ததும் கிடா உடலைச் சிலுப்புவதை உத்தரவு என்று எடுத்துக்கொள்கிறோமே, அப்படித்தான் அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டேன். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஸ்கேப்கோட் என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் பிரிவில் எப்போதும் பலிகடா என்றே பெயர்த்துவந்தோம். வேதாகமத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தைப் புரட்டியபோதுதான் அங்கே வெள்ளாட்டுக்கடாக்கள் இரண்டு என்று தெரிந்தது. சீட்டுப் போட்டு ஒன்றைக் கர்த்தருக்குப் பலியிடுகிறார்கள். மற்றதன் தலையில் தலைமை ஆசாரியனான ஆரோன் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். தமிழ் வேதாகமத்தில் அதுதான் போக்காடு. ‘அசாசேல்’ என்ற எபிரேயச் சொல்லைப் ‘போய்விடும் ஆடு’ என்று பிரித்துப் பொருள்கொண்டு, 1530இல் வேதாகமத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் உருவாக்கியதே அந்த ஆங்கிலச் சொல். அசாசேல் என்பது வனாந்தரத்துப் பேயின் பெயர் என்பாரும் உண்டு. ஆக, பிறர் பழியைச் சுமப்பவரைக் குறிக்க ஆங்கிலம் எடுத்துக்கொண்டது தப்பிப்போன ஆட்டின் பெயரை. நாம் எடுத்துக்கொண்டது வெட்டுப்பட்ட ஆட்டின் பெயரை.

வெட்கத்தோடு சொல்கிறேன், இது தெரிந்ததும் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது: உயிரோடுதானே போனார். ஆனால் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்ற பகுதி, அந்த ஆட்டை மலைமுகட்டிலிருந்து பின்புறமாகத் தள்ளிவிட்டதாகவும், பாதிச் சரிவைத் தாண்டுமுன்பே அது சிதறிவிடும் என்றும் கூறுகிறது.

உண்மையைச் சொல்லியிருந்தால் இருவருமே வெளியேறியிருப்போம் என்று எனக்குள் வாதிடுவதுண்டு. நிரந்தரப் பணியாளனான எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்கும் என்பதும், ஒருவேளை அவரும் தப்பியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அதைவிட உறுத்துவது ‘ஆக்கிட்டாங்க’ என்ற வினைமுற்று. விகுதியை மட்டும் மாற்றி ‘ஆக்கிட்டோம்’ என்று சொல்ல, பிறர் சொற்களைத் திருத்திச் சம்பளம் வாங்கும் எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயர்ச்சொல்லைத் திருத்தினார், வினைமுற்றைத் தொடவில்லை. கவனிக்கவில்லையா, எனக்கென்று விட்டுவைத்தாரா?

அதே அதிகாரத்தின் 26ஆம் வசனம், போக்காட்டைக் கொண்டுபோய் விட்டவன் தன் உடைகளைத் தோய்த்து, நீரில் முழுகிய பிறகே பாளயத்துக்குள் வரலாம் என்கிறது. அன்று அவருடைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டவன் நான்தான். திரும்பி வந்து, மேசையில் காத்திருந்த அடுத்த குறிப்புத்தாளில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.