பழைய ரைஃபிள் ஸ்கோப்: மெருகைப் பார்க்காதீர்கள், திருகிப் பாருங்கள்

பழைய ஸ்கோப் (துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது குழாயின் கறுப்பு மெருகை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். கீறல் விழுந்த குழாய் இன்னும் பல வருஷம் உழைக்கும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோனது உழைக்காது.

முதலில் காலிப்பரால் குழாயை அளந்துவிடுங்கள். அமெரிக்க வீவர் நிறுவனத்தின் 330 மாடல் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. லைமன் அலாஸ்கன் 22 மி.மீ. 1947இல் வந்த வீவர் கே4 ஓர் அங்குலம், 25.4 மி.மீ. பழைய ஜெர்மன் ஸ்கோப்புகளில் 26 மி.மீ. குழாய்கள் உண்டு. அதை யாரோ ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் ஓர் அங்குல மவுண்ட் வளையத்தில் அழுத்தி முடுக்கியிருந்தால் குழாய் நசுங்கியிருக்கும். வளையத் தடம் ஆழமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கே4 குழாயில் ‘எல் பாசோ’ என்று இருந்தால் 1984க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் டெக்சாஸ் தொழிற்சாலை மூடப்பட்டது.

அடுத்தது டார்ச். முன்பக்கத்தில் சாய்வாக ஒளியடித்துக் கண்பக்கம் வழியாகப் பாருங்கள், பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். நாலைந்து தூசு பாதகமில்லை. முன் லென்ஸில் ஒரு கீறலும் படத்தை அவ்வளவாகக் கெடுக்காது. எண்ணெய்ப் படலம் போன்ற சாம்பல் மங்கல்தான் கெடுக்கும்: பழைய கிரீஸ் ஆவியாகி லென்ஸில் படிவது அது. பிரித்துத் துடைத்தால் போய்விடும். கிளைவிட்ட நூல்போல் தெரிந்தால் பூஞ்சை. துடைத்த பிறகும் லென்ஸின் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சில் அரிப்புத் தடம் நிற்கும். ஓரத்தில் வானவில் நிறப் பிறை தெரிந்தால் இரண்டு லென்ஸை ஒட்டிய கனடா பால்சம் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஒட்டும் கூலி ஒரு சாதாரண கே4இன் விலையைத் தாண்டிவிடும், விட்டுவிடுங்கள்.

அதே டார்ச்சில் காலமும் தெரியும். நிறமற்ற வெள்ளைப் பிரதிபலிப்பு என்றால் பூச்சு இல்லாத கண்ணாடி. நீலம், ஊதா என்றால் ஓரடுக்குப் பூச்சு. பச்சை மின்னினால் பல அடுக்குப் பூச்சு. இரண்டாம் உலகப்போர் காலத்து சோவியத் ஸ்னைப்பர் ஸ்கோப்பான பியு (PU) என்று விற்கப்படுவதில் அப்படி மின்னினால் அது நகல், இல்லையேல் லென்ஸ் மாற்றியது.

இனி ஒரு கை தூரத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முன் லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு. 3.5 மடங்கு உருப்பெருக்கமும் 21 மி.மீ. முன் லென்ஸும் உள்ள பியுவில் அது 6 மி.மீ. இருக்கும். வட்டம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் லென்ஸ் நகர்ந்திருக்கலாம், குழாய் வளைந்திருக்கலாம்.

பலர் தவிர்க்கும் சோதனை இனிமேல்தான். அட்டைப்பெட்டியின் எதிரெதிர் விளிம்புகளில் வி வடிவ வெட்டு போட்டு ஸ்கோப்பை அதில் கிடத்தி, தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்த்தபடி மெதுவாக உருட்டுங்கள். குறிபார்க்கும் குறுக்குக்கம்பியின் மையம் ஒரு வட்டம் போடும். டர்ரெட்டுகளை (கம்பியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் திருகுகளை)த் திருகி அதைப் பாதி பாதியாகச் சுருக்குங்கள். சுருங்க மறுத்தால் உள்ளே கோளாறு.

பிறகு ஸ்கோப்பை அசையாமல் இறுக்கி, 25 மீட்டரில் கட்டத்தாள் ஒட்டுங்கள். அங்கே ஒரு கோணநிமிஷம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஏறத்தாழ 7.3 மி.மீ. மேலே 10 கோணநிமிஷம், வலது 10, கீழே 10, இடது 10 திருகினால் கம்பி கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும். திருகும்போது நகராமல், பென்சிலால் தட்டியதும் துள்ளினால் கிரீஸ் இறுகிவிட்டது அல்லது ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. கிரீஸ் என்றால் சரிசெய்யலாம். பழைய உராய்வு டயல்களில் க்ளிக் சத்தமே இருக்காது, அது குறையல்ல. பியு போன்றவற்றில் கம்பி பார்வை வட்டத்தின் மையத்தைவிட்டு விலகி நிற்பதும் பழுதல்ல. மவுண்ட்டைச் சரிசெய்துதான் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இடமாறு தோற்றப்பிழையை (கண்ணை நகர்த்தினால் குறுக்குக்கம்பி இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதை) அறைக்குள் சோதித்துத் திட்டாதீர்கள். வேட்டை ஸ்கோப்புகள் பொதுவாக 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டவை.

தண்ணீரில் முக்கிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம், பழைய ரப்பர் வளையம் தாங்காது. கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, லென்ஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்த பிறகும் பனி நின்றால் ஈரம் உள்ளே இருக்கிறது.

எழுத்து வெட்டையும் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903ஏ4 ஸ்னைப்பர் ரைஃபிளில் பொருத்திய வீவர் 330க்கு ராணுவப் பெயர் எம்73பி1. அந்தப் பெயர் இருந்தாலே விலை ஏறிவிடுகிறது. சுற்றிலும் கறுப்பு தேய்ந்திருக்க எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் அது பிற்பாடு வெட்டியது.

ஆன்லைன் ஏலமாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: டார்ச் அடித்த லென்ஸ், கண்பக்கம் வழியாகத் தெரியும் குறுக்குக்கம்பி. அனுப்பத் தயங்கினால் ஏலம் கேட்காதீர்கள்.