குறள்வெண்பா எழுதிப் பழகுகிறேன்

உரைநடை மட்டுமே எழுதிவந்த எனக்கு, ஒரு சொல்லை ஏன் அந்த இடத்தில் வைத்தோம் என்று கேட்டால், காதுக்கு நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு விடை இருந்ததில்லை. அந்தக் கேள்விக்குக் கணக்காக விடை கேட்கும் வடிவம் ஒன்றைப் பழகிப் பார்க்கலாமே என்றுதான் வெண்பாவைக் கையில் எடுத்தேன்; முதலில் அதன் ஈரடி வடிவமான குறள்வெண்பா.

விதிகள் சிலவே. ஓர் உயிரொலி கொண்ட அசை நேர்; குறிலில் தொடங்கி இரண்டு உயிரொலி கொண்ட அசை நிரை. அசைகள் சேர்ந்தது சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வர வேண்டும். கனிச்சீர் புகவே கூடாது. மூன்று சீர் கொண்ட ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்களுள்) ஒன்றில் முடிய வேண்டும். சீரை அசைகளாகப் பிரித்து அலகிடுவது விரைவில் கைவந்துவிடுகிறது. விதிக்குள் நின்றுகொண்டு இயல்பாகப் பேசுவதுதான் கைவருவதில்லை.

மழைக்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி ஒன்றை எடுத்துக்கொண்டேன். ‘பேருந்து வந்ததும் மழை நின்றுவிடும்’ என்றுதான் மனத்தில் வந்தது. ‘வந்ததும்’ விளச்சீர், ‘மழை’ நிரையில் தொடங்குவதால் தளை, அதாவது சீரும் சீரும் இணையும் விதி, தட்டியது. இரண்டுக்கும் நடுவே நேரில் தொடங்கும் மாச்சீர் ஒன்று தேவைப்பட்டதால் ‘பெய்த’ என்ற சொல் உள்ளே வந்தது. தளைக்காக வந்த அந்தச் சொல் ‘பேருந்து’க்கு மோனையாகவும் (முதலெழுத்துப் பொருத்தமாகவும்) அமைந்துவிட்டது. ‘நின்றுவிடும்’ சீருக்குள் அடங்காமல் ‘நிற்கும்’ ஆனது.

ஈற்றடியாக முதலில் வந்தது ‘நீரில்நாம் நின்ற பிறகு’. எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்துப் பொருத்தம்), மோனை, தளை, பிறப்பு வாய்பாடு என்று எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலடி சொல்லாத எதையும் அது சொல்லவில்லை. ‘நிற்கும்’, ‘நின்ற’ என்று ஒரே வினை இருமுறை வந்து சலிப்பூட்டவும் செய்தது. ரகர எதுகையைப் பிடித்துக்கொண்டே தேடியதில் இப்படி முடிந்தது:

பேருந்து வந்ததும் பெய்த மழைநிற்கும்
யாரிடத்துச் சொல்வோம் இதை

‘நீரில்’, ‘நின்ற’ என்ற மோனை போய்விட்டது. இருந்தாலும் நனைந்தவனின் அலுப்பு இந்த அடியில்தான் கேட்கிறது என்பதால் இதையே வைத்துக்கொண்டேன்.

இக்காலச் சொற்களுள் ‘அலைபேசி’, ‘தொலைக்காட்சி’, ‘அலுவலகம்’ எல்லாம் காய்ச்சீராகி வெண்பாவுக்குள் தாராளமாக நுழைகின்றன. ‘மருத்துவமனை’ மட்டும் மூன்று நிரையும் சேர்ந்து கருவிளங்கனி என்ற கனிச்சீராகி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ‘மருத்துவ மனை’ என்று பிரித்தாலும் விளத்தின் முன் நிரை வந்து தளை தட்டுகிறது. சரி, பேச்சுவழக்கில் ‘ஆஸ்பத்திரி’ என்று போட்டுவிடலாம் என்றால் அதுவும் தேமாங்கனி! வகையுளி செய்து சொல்லை இரண்டாக உடைத்தால் விதி தப்பிக்கும். வாய்விட்டுப் படிப்பவரின் நாக்குத் தப்பிக்காது. நோயாளியைப் பற்றி எழுதத் தொடங்கிய குறள் ஒன்று அதனாலேயே அவர் வீட்டிலேயே படுத்திருப்பதாக மாறிவிட்டது.

இப்போது நான்கடி கொண்ட நேரிசை வெண்பாவுக்கு நகர்ந்திருக்கிறேன். இரண்டாம் அடியின் நான்காம் சீரில் நிற்கும் தனிச்சொல் முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெற்றாக வேண்டும். அதே சமயம் அதிலிருந்தே பின்னிரண்டு அடிகளின் பொருள் தொடர வேண்டும். எதுகைக்கு அகப்படும் சொற்களோ பெரும்பாலும் ஒட்டவைத்தவை போலத்தான் நிற்கின்றன. ஆகையால் தனிச்சொல்லை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ற முன்னடிகளைத் தேடும் தலைகீழ் வழியை இப்போது முயன்றுகொண்டிருக்கிறேன்.